சுன்னாகம் பக்கத்துக் குடும்பம் ஒண்டு டிவிடென்டை நம்பி மாத வருமானம் தேடின கதை: 2022 டிசம்பர் தொடக்கம் 2025 டிசம்பர் வரை

அந்தக் குடும்பத்து அண்ணை, அவரின்ரை மனிசி அக்கா, ரெண்டு பேரின்ரையும் சம்மதத்தோடைதான் இதை எழுதுறன். பெயர், கடை அடையாளம் ஒண்டும் போடேல்லை, கம்பனிகளின்ரை பெயரும் வேணுமெண்டுதான் விட்டனான். தொகைகள் அவையின்ரை கணக்குப்படிதான், சிலதை மட்டும் கிட்டத்தட்டச் சமப்படுத்தியிருக்கிறன். நான் சின்னக் கடையளுக்குக் கணக்கு எழுதுறவன், அண்ணையின்ரை கடைக் கணக்கும் பல வருசம் என்ரை கையாலைதான் போனது.

பின்னணி

அண்ணைக்கு 64 வயது, அக்காவுக்கு 60. முப்பது வருசத்துக்கு மேலை ஹாட்வெயார் கடை நடத்தினவை. அரசாங்க வேலை இல்லை, அதாலை பென்சனும் இல்லை. முழங்கால் ஏலாமப் போக 2022 கடைசியிலை கடையைக் குடுத்தாச்சு. சரக்கு, இடம் எல்லாம் வித்துக் கடன் கட்டி மிஞ்சினது 80 லட்சம். மகள் கனடாவிலை, பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் காசு அனுப்புவா, மற்ற மாதங்களிலை எப்ப வரும் எண்டு சொல்லேலாது.

அந்த நேரம் நாடு இருந்த நிலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 ஏப்ரலிலை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தரத்திலை 7 சதவீதப் புள்ளி ஏத்தினது, பிறகு எப்டி (வங்கியிலை போடுற நிலையான வைப்பு) வட்டி 20%க்கு மேலை போனது. அண்ணை 80 லட்சத்தையும் ஒரு வருச எப்டியிலை 20%க்குப் போட்டார், மாதா மாதம் வட்டி எடுக்கிற மாதிரி. மாதம் 1,33,000. 2023 ஜனவரியிலையிருந்து வட்டியிலை 5% வரி பிடிக்கத் தொடங்கினவை, அது போகவும் கையிலை 1,26,000க்கு மேலை வந்தது. வீட்டுச் செலவு 82,000. மிச்சத்திலை கூரை மாத்தினவை, அடுக்களைக்குச் சீமெந்து போட்டவை.

அந்த வருசம்தான் முழுச் சிக்கலுக்கும் வேர் எண்டு நான் நினைக்கிறன். ஏனெண்டா 1,26,000 எண்டது வழமையான வருமானம் எண்டு ரெண்டு பேரின்ரை மனதிலையும் பதிஞ்சிட்டுது, அது ஒரு நெருக்கடிக் காலத்து வட்டி, விலைவாசி ஏறின வேகத்துக்கு வங்கி குடுத்த விலை, அது நிலைக்காது எண்டு அந்த நேரம் ஆரும் அவைக்கு எடுத்துச் சொல்லேல்லை. கணக்கு எழுதின நானும் சொல்லேல்லை.

2023 டிசம்பர்: வட்டி விழுந்தது

எப்டி முடிஞ்சு புதுப்பிக்கப் போக 10% எண்டு சொன்னவையாம். மாதம் 1,33,000 வந்த இடத்திலை 66,000. வங்கியிலையிருந்து வரேக்கை அண்ணை வழி முழுக்கக் கதைக்கேல்லையாம், அக்கா பிறகு சொன்னவா.

அந்தக் கிழமையே சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் போனிலை ஒரு லிஸ்ட் காட்டியிருக்கிறான், கொழும்புப் பங்குச் சந்தையிலை டிவிடென்ட் ஈல்ட் கூடின கம்பனியள் எண்டு. டிவிடென்ட் எண்டா கம்பனி லாபத்திலை பங்குக்காரருக்குப் பிரிச்சுக் குடுக்கிற காசு, ஈல்ட் எண்டா அது பங்கு விலையிலை எத்தினை சதவீதம் எண்டது. மேலை நிண்டது ஒரு ஏற்றுமதிக் கம்பனி. பங்கு விலை 80 ரூபா, கடந்த ஒரு வருசத்திலை குடுத்த டிவிடென்ட் 12 ரூபா, அப்ப ஈல்ட் 15%. அண்ணை கணக்குப் போட்டார்: 60 லட்சம் எப்டி, மாதம் 50,000. 20 லட்சத்துக்கு இந்தப் பங்கு, வருசம் 3 லட்சம், மாதம் 25,000. கூட்டினா 75,000, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாச் செலவுக்குக் காணும்.

சிடிஎஸ் கணக்கை (வாங்கின பங்குகள் பதிவாகிற கணக்கு) போனிலையே திறந்து, தன்ரை பெயரிலை மட்டும், 2024 ஜனவரியிலை 25,000 பங்கு வாங்கினார். 20 லட்சமும் புறோக்கர் கொமிசன் மற்றக் கட்டணங்கள் 1.12% எண்டு 22,400 ரூபாவும்.

2024 ஜனவரி தொடக்கம் ஒக்டோபர்: என்ன நடந்தது

ஆகஸ்ட் வரைக்கும் ஒண்டும் வரேல்லை. ஆகஸ்டிலை வந்த டிவிடென்ட் பங்குக்கு 3 ரூபா. 75,000, அதிலை 15% வரி கழிச்சு 63,750. வருசத்துக்கே அவ்வளவுதான். 25,000 எண்டு நினைச்ச மாதக் காசு 5,300 ஆகிட்டுது. விலையும் 62க்கு இறங்கினது.

ஏன் 12 ரூபா 3 ரூபா ஆனது எண்டு பிறகு அந்தக் கம்பனியின்ரை வருடாந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தம். 2022இலை ரூபா 200இலையிருந்து 360 மட்டும் விழேக்கை டொலரிலை விக்கிற கம்பனிக்குக் கையிலை வந்த ரூபாக் காசு திடீரெண்டு பெருத்தது, லாபத்திலை பெரிய பங்கு அந்த நாணய மாற்றாலை வந்தது, வியாபாரம் கூடி வந்ததில்லை. அதைத்தான் டிவிடென்டாப் பிரிச்சுக் குடுத்தவை. 2023இலை ரூபா திரும்பப் பலமாக, 2024 முடிய டொலர் 300க்கும் கீழை வர, அந்த லாபம் மறைஞ்சு போச்சு. லிஸ்டிலை நிண்ட 15% போன வருசத்து டிவிடென்டை இண்டைய விலையாலை பிரிச்ச கணக்கு, வாற வருசம் என்ன வரும் எண்டதுக்கு அதிலை ஒரு சொல்லும் இல்லை. அண்ணையும் நான் கேட்டாப் பிறகுதான் "தம்பி, அது போன வருசத்துக் கணக்கெண்டு எனக்கு விளங்கேல்லையப்பா" எண்டார்.

எப்டியிலை வரி போக 47,500தான் வந்தது, செலவு 82,000. டிவிடென்ட் வராத மாதங்களிலை மாதம் 34,000க்கு மேலை குறை. 2023இலை மிஞ்சின காசு கூரைக்குப் போன பிறகு இருந்தது கொஞ்சம்தான், அது யூலையோடை முடிஞ்சுது.

2024 ஒக்டோபர்: கொப்பியும் துண்டும்

ஒரு பின்னேரம் அக்கா தனியத்தான் வந்தவா. கையிலை ஒரு சீஆர் கொப்பி, மஞ்சள் அட்டை, மூலை எல்லாம் கரைஞ்சு போய். 2023 தொடக்கம் ஒவ்வொரு நாளும் செலவு எழுதியிருக்கிறா, மீன், தேங்காய், மருந்து, ஓட்டோ, கரண்ட் பில், கோயிலுக்கு அபிசேகம் எல்லாம். நடுவிலை நாலா மடிச்ச துண்டு ஒண்டு இருந்தது, எடுத்து விரிச்சாக் காப்புச் சோடி அடகு வைச்ச றிசீற், 1,50,000. அண்ணைக்குத் தெரியுமோ எண்டு கேட்டன். "தெரியும் தம்பி, அவர்தான் கூட்டிக்கொண்டு போனவர், ஆனா ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

கொப்பியை ரெண்டு இரவு இருந்து பார்த்தன். கண்ட விசயங்களிலை முதல் ரெண்டும் பெரிசு.

82,000 செலவிலை 10,000 உண்மையிலை செலவே இல்லை. அது சீட்டுக் காசு, 20 பேர் சேர்ந்த சீட்டு, அண்ணை கடைசி ஆள், 2025 மார்ச்சிலை 2 லட்சம் வரும். அப்ப வீட்டுக்கு உண்மையாத் தேவை 72,000.

மற்றது, 8% வட்டி நாளிலை 80 லட்சத்தாலை 72,000 எடுக்கேலாது. மாதம் 72,000 வேணுமெண்டா 1 கோடியே 8 லட்சம் வேணும். இந்த இடைவெளியை ரெண்டு பேரும் ஒரு நாளும் கடதாசியிலை எழுதிப் பார்க்கேல்லை, மனதிலை ஒரு பாரமா மட்டும் வைச்சிருந்தவை. அந்த இடைவெளிதான் அண்ணையை 15% பக்கம் இழுத்தது. பேராசை எண்டு ஊரிலை சொல்லினம், நான் அப்பிடிப் பார்க்கேல்லை. மாதம் எங்கை காசு காணாதோ அங்கை பெரிய சதவீதம் ஒண்டு கண்ணுக்கு முன்னாலை வந்தா ஆரும் எட்டிப் பிடிப்பினம்.

இன்னொண்டும் கண்டன். எல்லாக் காசும் அண்ணையின்ரை பெயரிலை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி தேடியதேட்டத்திலை, அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்திலை, பாதி அக்காவுக்குச் சேரும், ஆனா அண்ணைக்கு ஒண்டு நடந்தா அந்தப் பங்கை அடுத்த கிழமை வித்து மருந்து வாங்கேலாது, நீதிமன்றம், கடிதம் எண்டு அலைய வேணும்.

2024 நவம்பர்: எடுத்த முடிவுகள், ஏன்

மூண்டு தரம் இருந்து கதைச்சம். முதல் தரம் அண்ணை அந்தப் பங்கை விக்கவே மாட்டன் எண்டார், நட்டத்திலை விக்கிறதோ எண்டு. நான் கேட்டது ஒண்டுதான்: உங்கட கையிலை இண்டைக்கு 17 லட்சம் காசா இருந்தா இந்தப் பங்கையே திரும்ப வாங்குவீங்களோ? கன நேரம் யோசிச்சார். "இல்லை" எண்டார்.

சனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு சந்தை நல்லா ஏறிக்கொண்டிருந்தது, அந்தப் பங்கும் 70க்கு வந்திருந்தது. 25,000 பங்கும் வித்துக் கட்டணம் போக 17,30,400. வாங்கினதோடை பார்த்தா, வந்த டிவிடென்டையும் சேர்த்து, 2,28,250 நட்டம். முதல் வேலையா அடகு மீட்டம், வட்டியோடை 1,60,000. அடகு வட்டி கட்டிக்கொண்டு டிவிடென்ட் தேடுறதிலை அர்த்தமில்லை. மிச்சம் எப்டியோடை சேர்த்து 75.7 லட்சம்.

பிரிச்சது இப்பிடி. டிசம்பரிலை முடியிற எப்டியிலை 40 லட்சத்தை ரெண்டு வங்கியிலை ரெண்டு பேரின்ரை பெயரிலும், 10 லட்சம் 10 லட்சமா, ஒரே நாளிலை முடியாத மாதிரி. ஒரு நிதிக் கம்பனி ஆள் வீட்டுக்கே வந்து 2% கூடத் தாறம் எண்டவர், ஆனா வைப்புக் காப்புறுதி (நிறுவனம் விழுந்தாத் திரும்பக் கிடைக்கிற காசு) ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்திலை 11 லட்சம் மட்டும்தான், அதுக்கு மேலை போட வேண்டாம் எண்டு விட்டம். 20 லட்சம் டிவிடென்ட் பங்குகளுக்கு. மிச்சம் 15.7 லட்சம் யூனிற் ரஸ்ற் மணி மார்க்கெட் பண்டிலை (கனபேரின்ரை காசைச் சேர்த்துக் குறுங்கால வட்டிக்குப் போடுற நிதி), ஏனெண்டா அதிலை ஒண்டு ரெண்டு நாளிலை காசு எடுக்கலாம், விலை ஏறி இறங்கிறதும் மிகக் குறைவு.

மாதாமாதம் டிவிடென்ட் தாற பண்ட் இல்லையோ எண்டு அண்ணை கேட்டார். பண்ட் டிவிடென்ட் குடுத்தா அண்டைக்கே யூனிற் விலை அந்தளவுக்கு இறங்கும், பண்ட் உழைச்சதை விடக் கூடக் குடுத்தா அது உங்கட முதலையே உங்களுக்குத் திருப்பித் தாறது. இதை 100 ரூபாத் தாள் ரெண்டை மேசையிலை வைச்சுக் காட்டின பிறகுதான் விளங்கினது.

பங்கு தெரிவு செய்யேக்கை ஈல்ட் லிஸ்டைப் பார்க்கவேயில்லை. 2018இலையிருந்து ஒவ்வொரு வருசமும் என்ன குடுத்தவை எண்டு பார்த்தம், முக்கியமா 2020உம் 2022உம். 2020இலை கொரோனாவுக்குச் சந்தையே மார்ச் 20இலையிருந்து மே 11 மட்டும் பூட்டிக் கிடந்தது, மத்திய வங்கி வங்கியளைக் காசு டிவிடென்ட் குடுக்க வேண்டாம் எண்டு நிறுத்தி வைச்சது. அதாலை வங்கிப் பங்கு மட்டும் வைச்சிருக்கிறது ஆபத்து. பங்குக்கு 10 ரூபா உழைச்சு 5, 6 ரூபா குடுக்கிற கம்பனியைப் பிடிச்சம், 10 உழைச்சு 11 குடுக்கிறதை விட்டம். கடன் கூடினதையும் விட்டம். கடைசியா ரெண்டு வங்கி, ஒரு சாப்பாட்டுச் சாமான் கம்பனி, ஒரு இன்சூரன்ஸ், மலைநாட்டிலை தண்ணியாலை மின்சாரம் எடுக்கிற ஒரு சின்னக் கம்பனி. ஒழுங்கா நிறையக் குடுக்கிறது சிகரெட் விக்கிற கம்பனிதான், ஆனா அக்கா ஒரேயடியா மறுத்திட்டா. அவாவின்ரை தம்பி தொண்டைப் புத்துநோயிலை போனவர். நான் திரும்ப அந்தக் கதை எடுக்கேல்லை.

வரியையும் இங்கை சொல்ல வேணும், கனபேர் விடுற இடம் இது. டிவிடென்டிலை 15% பிடிச்சுத்தான் தருவினம், உங்கட வருமானம் எவ்வளவு குறைவா இருந்தாலும். 2025 ஏப்ரலிலையிருந்து எப்டி வட்டியிலை 10% பிடிக்கினம், ஆனா வருச வருமானம் 18 லட்சத்துக்குக் கீழை எண்டா வங்கியிலை பிரகடனப் படிவம் குடுத்து அதைப் பிடிக்காம விடலாம். அப்ப 9% டிவிடென்ட் கைக்கு வரேக்கை 7.65%. 8% எப்டி 8%ஆவே வரும். சதவீதத்தை மட்டும் பார்த்து டிவிடென்ட்தான் கூட எண்டு நினைச்சா பிழைச்சுப் போம். பிறகு ஏன் 20 லட்சம் பங்கிலை எண்டா, எப்டி வட்டிக் காசு வளராது, நல்ல கம்பனியின்ரை டிவிடென்ட் பத்து வருசத்திலை விலைவாசியோடை கொஞ்சமாவது வளரும். அதுக்கு மட்டும்தான்.

கூட்டிப் பார்த்தம்: எப்டி 26,600, மணி மார்க்கெட் 10,400, பங்கு வரி போக 9,900. மாதம் 47,000. தேவை 72,000. மூடி இருந்த முன் விறாந்தையையும் அறையையும் ரியூசன் மாஸ்ரர் ஒருத்தருக்கு 15,000க்குக் குடுத்தவை. இன்னும் 10,000 காணாது. மகளிட்டைக் கேப்பமோ எண்டன், அக்கா "அவள் அங்கை ரெண்டு வேலை செய்யிறாள் தம்பி" எண்டதோடை முடிஞ்சுது. அப்ப அந்த 10,000ஐ முதல் தொகையிலையிருந்து எடுக்கிறது எண்டு தெரிஞ்சுகொண்டே முடிவெடுத்தம், வருசம் 1,20,000. மறைச்சு வைக்காம எழுதி வைச்சது.

மாதச் சம்பளத்துக்கு ஒரு வழி

பெரிய பிரச்சினை மாதக் கணக்கு. கம்பனியள் மாதாமாதம் குடுக்கிறேல்லை. டிசம்பரிலை கணக்கு முடிக்கிற வங்கியள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலை குடுக்கும், மார்ச்சிலை முடிக்கிற கம்பனியள் யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையிலை.

இதை நான் விளங்கப்படுத்த வெளிக்கிட அக்கா இடையிலை சொன்னவா: "எங்கட ஐயா வெங்காயம் வித்த காசை அப்பிடித்தான் செய்தவர். லொறி வந்து ஏத்திக்கொண்டு போன அண்டு இரவு காசை எண்ணி மாதத்துக்கு ஒண்டா முடிஞ்சு கொட்டப்பெட்டியிலை வைப்பார், அம்மா ஒரு மாதத்துக்கு ஒரு முடிச்சுத்தான் அவிழ்க்கலாம்." அண்ணை அதுக்குப் பிறகு கேள்வி கேக்கேல்லை. அதையே செய்தம். எப்டி வட்டி, டிவிடென்ட், எல்லாம் வந்த உடனை மணி மார்க்கெட் பண்டுக்குப் போகும். அங்கையிருந்து ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி 57,000 வீட்டுக் கணக்குக்கு. ரியூசன் வாடகை 15,000 கையிலை. டிவிடென்ட் வந்தாலும் வராட்டிலும் மாதம் 72,000.

சிடிஎஸ் கணக்கையும் கூட்டுப் பெயரிலை புதுசாத் திறந்தம்.

2025: ஒரு வருசம்

பங்கிலையிருந்து கைக்கு வருமெண்டு பார்த்தது 1,19,000. வந்தது 1,06,400. மார்ச், ஏப்ரலிலை 41,200, யூலை தொடக்கம் செப்டெம்பர் 52,600, டிசம்பரிலை 12,600. மற்ற ஆறு மாதமும் ஒரு சதமும் இல்லை. ஆனா வீட்டிலை அந்த ஆறு மாதம் தெரியேல்லை.

குறைஞ்சதுக்கு ரெண்டு காரணம். மின்சாரக் கம்பனி ஒரு இடைக்கால டிவிடென்டைக் குடுக்கேல்லை. மற்றது ஏப்ரலிலை ஒரு வங்கி பங்குக்கு 9 ரூபா எண்டு அறிவிச்சது, 3,000 பங்குக்கு 27,000 எண்டு அண்ணை எதிர்பார்த்தவர். எஸ்எம்எஸ் வந்தது 15,300க்கு. இரவு எட்டு மணிக்கு எனக்குப் போன், "தம்பி, திரும்ப ஏமாந்திட்டமோ?" குரல் நடுங்கினது. விசயம் என்னெண்டா 9இலை 6 ரூபாதான் காசு, மற்ற 3 ரூபா ஸ்கிரிப், அதாவது பங்காக் குடுக்கிறது. காசுக்கும் 15% வரி, ஸ்கிரிப்புக்கும் 15% வரி. வரி போக 51 பங்கு சிடிஎஸ்சிலை ஏறியிருந்தது. காசு காணாமப் போகேல்லை, ஆனா மாதச் செலவுக்கு அது உதவாது. அறிவித்தலிலை தெளிவா இருந்த விசயம், நான் முதலே வாசிச்சுச் சொல்லியிருந்தா அந்த இரவு அவர் நித்திரை கொண்டிருப்பார்.

பிரகடனப் படிவம் குடுக்க நாங்கள் ரெண்டு மாதம் பிந்திட்டம், வரி இலக்கம் எடுக்கிறதிலை இழுபட்டது. ஏப்ரல், மே ரெண்டு மாதத்துக்கும் சேர்த்து 5,300 ரூபா பிடிபட்டுது.

மார்ச்சிலை சீட்டு 2 லட்சம் வந்தது. யூனிலை அக்காவின்ரை கண் ஒப்பரேசனுக்கு 1,30,000 போனது. போன வருசமா இருந்தா அதுக்கும் ஒரு அடகுத் துண்டு கொப்பிக்குள்ளை மடிஞ்சிருக்கும். வருச முடிவிலை மணி மார்க்கெட்டிலை 15 லட்சம் நிக்குது.

வித்த ஏற்றுமதிப் பங்கு 2025இலை 90 தாண்டினது. அதை மறைக்க விரும்பேல்லை. அண்ணை ஒரு கிழமை என்னோடை சரியாக் கதைக்கேல்லை. வைச்சிருந்தா விலையிலை 5 லட்சம் கூட வந்திருக்கும், ஆனா அந்த வருசம் அது குடுத்த டிவிடென்ட் 2.50. மாதக் காசு வேணுமெண்டு வந்தவைக்கு அது பொருந்தாத பங்கு எண்டதை நான் இப்பவும் மாத்தேல்லை. வாங்கின ஐந்து பங்கும் சேர்ந்து 20 லட்சத்திலையிருந்து 26 லட்சத்துக்குக் கிட்டப் போயிருக்கு. சந்தை முழுக்க ஏறின காலம் அது, அதை எங்கட கெட்டித்தனம் எண்டு எடுக்கேலாது, மாதக் கணக்கிலும் அதைச் சேர்க்கேல்லை.

திரும்பச் செய்தா மாத்துறது

20 லட்சத்துக்கும் மூண்டு கிழமையிலை வாங்கி முடிச்சது அவசரம். ஆறு ஏழு மாதமாப் பிரிச்சு வாங்கியிருக்க வேணும். சந்தை இறங்கியிருந்தா எங்களுக்குத் தாங்கியிருக்காது.

ஒவ்வொரு கம்பனியும் காசாக் குடுக்குதோ ஸ்கிரிப்பாக் குடுக்குதோ எண்டு முதல் நாளே தனிப் பத்தியிலை எழுதுவன். இப்ப அக்காவின்ரை கொப்பியிலை அந்தப் பத்தி இருக்கு.

மின்சாரக் கம்பனி ஒண்டு மழையையும் மின்சார சபை காசு கட்டுற நாளையும் நம்பி இருக்கிறது, அதுக்கு 4 லட்சம் போட்டது கூடிப் போச்சு. பாதி போட்டிருக்கலாம்.

எல்லாத்துக்கும் மேலை, 2023 ஜனவரியிலை 1,26,000 வந்துகொண்டிருக்கேக்கையே "அண்ணை, இது நிலைக்காது, 72,000ஐ எடுத்திட்டு மிச்சத்தை முடிஞ்சு வையுங்கோ" எண்டு நான் போய்ச் சொல்லியிருக்க வேணும். கணக்கு என்ரை கையிலைதான் இருந்தது.

இப்ப

டிசம்பரிலை முதல் 10 லட்சம் எப்டி புதுப்பிச்சாச்சு, பழைய வட்டிக்குக் கிட்டத்தான் கிடைச்சது. ரியூசன் மாஸ்ரர் மார்ச்சோடை கொக்குவில் பக்கம் மாறப் போறாராம், அப்ப அந்த 15,000 நிக்கும். அறைக்கு ஆள் தேடி அண்ணை போன கிழமை படலையிலை அட்டை கட்டியிருக்கிறார்.